கோல் ஃபீல்டு ஹவுஸ்: விருந்தாளிக்கு ராசியான வீடு

வாஷிங்டன் பக்கம் வந்துபோன நம்ம மக்கள்ல பாதிப்பேர் லான்ஹம் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகாம திரும்பியிருக்க மாட்டீங்க. அங்கேருந்து கார்ல கால் மணி நேரம் போனா காலேஜ் பார்க். மேரிலாந்து பல்கலைக்கழகம் இருக்கற ஊர். அந்த வளாகத்துக்குள்ள வளைஞ்ச கூரையோட விமானக் கொட்டகை மாதிரி ஒரு பெரிய கட்டிடம் நிக்கும். கோல் ஃபீல்டு ஹவுஸ். 1955 டிசம்பர்ல திறந்து 2002 மார்ச் வரைக்கும், மொத்தம் 47 சீசன், மேரிலாந்து அணி கூடைப்பந்து ஆடின இடம்.

"கிரிக்கெட் பார்க்கற கூட்டத்துக்கிட்ட எதுக்குய்யா கூடைப்பந்து?"ன்னு சிலர் முணுமுணுக்கறது கேக்குது. கொஞ்சம் பொறுங்க. இது பந்து பத்தின கதை மட்டும் இல்ல. அமெரிக்காவுல காலேஜ் கூடைப்பந்துங்கறது நம்ம ஊர்ல இன்டர்-காலேஜியேட் போட்டிக்கு நாலு ஃப்ரெண்ட்ஸ் வந்து விசிலடிக்கற மாதிரி கிடையாது. ஒரு மாநிலமே வேலைவெட்டிய விட்டுட்டு டிவி முன்னாடி உக்காரும். தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை ஒரே எதிரியைத் திட்டும்.

சில வீடுகள் இருக்கும் பாருங்க, சொந்தக்காரனுக்கு மட்டும் ராசி இருக்காது, வாடகைக்கு வந்தவன் ஓஹோன்னு இருப்பான். கோல் அப்படி ஒரு வீடு. தேசிய இறுதியாட்டம் இங்க ரெண்டு தடவை நடந்திருக்கு, 1966லயும் 1970லயும். ரெண்டுலயும் மேரிலாந்து கிடையாது. இந்தக் கூரைக்குக் கீழ நடந்த பெரிய ஆட்டங்களோட பட்டியலைப் பார்த்தீங்கன்னா, பாதிக்கு மேல வீட்டுக்காரன் தோத்த கதை, இல்லேன்னா ஆடவே ஆடாத கதை.

முதல்ல ஒரு பள்ளிக்கூடப் பசங்க ஆட்டம். நியூயார்க்ல பவர் மெமோரியல்னு ஒரு பள்ளி. அதுல லூ ஆல்சிண்டர்னு 7 அடிக்கும் மேல ஒரு பையன். (பிற்பாடு கரீம் அப்துல் ஜப்பார்னு பேர் மாத்திக்கிட்டாரே, அதே ஆள்தான்.) அவங்க தொடர்ச்சியா 71 ஆட்டம் ஜெயிச்சிருந்தாங்க. காலேஜ் பார்க்குக்குப் பக்கத்துலயே டிமாதான்னு இன்னொரு பள்ளி. 1964ல இதே கோல்ல வெச்சு பவர் மெமோரியல் 65-62ன்னு அவங்களைத் தோக்கடிச்சது. அடுத்த வருஷம் மறுபடி மோதல். டிமாதா கோச் மார்கன் வூட்டன் என்ன பண்ணார் தெரியுமா? பயிற்சியில தன் பசங்க கையில டென்னிஸ் ராக்கெட்டைக் குடுத்து, தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தடுக்கச் சொன்னார். ஆல்சிண்டரோட கை எவ்வளவு உயரத்துல வரும்னு எறியறவனுக்குப் பழகணுமில்ல? ராக்கெட்டைத் தாண்டி எறிஞ்சு எறிஞ்சு பசங்களுக்குப் பந்து வளைஞ்சு போற உயரமே மாறிடுச்சு. 1965 ஜனவரி 30, அரங்கம் நிரம்பி வழியுது, டிமாதா 46-43ன்னு ஜெயிச்சது. 71 ஆட்டத் தொடர் அத்தோட முடிஞ்சது. ஆல்சிண்டருக்கு வெறும் 16 பாயிண்ட். பள்ளிக்கூடக் கூடைப்பந்து வரலாற்றுலயே பெரிய ஆட்டம் இதுதான்னு இன்னிக்கும் சொல்றவங்க உண்டு.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

மேரிலாந்து பல்கலைக்கழகம் கறுப்பின இளநிலை மாணவரை முதன்முதலா சேர்த்துக்கிட்டதே 1951லதான். ஆக கோல் கட்டறதுக்கு நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் அந்த வாசல்ல கறுப்பினப் பையனுக்கு இடம் கிடையாது. மேரிலாந்து ஆடின அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் (இனிமே ஏசிசி) முழுக்கத் தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள். அந்தக் கூடைப்பந்துக் களத்துல கறுப்பின வீரர் ஒருத்தர்கூட இல்ல. 1965-66 சீசன்ல அது உடைஞ்சது. பில்லி ஜோன்ஸ். டௌசன்ங்கற மேரிலாந்து ஊர்ப் பையன். ஏசிசி கூடைப்பந்துல ஆடின முதல் கறுப்பின வீரர். கால்பந்துல ரெண்டு வருஷம் முன்னாடியே, 1963ல, டேரில் ஹில் இதே மேரிலாந்துக்காக ஆடி அந்தக் கதவைத் திறந்துட்டார். ரெண்டு விளையாட்டுலயும் முதல் அடி இந்த ஒரே பல்கலைக்கழகம். வட கரோலினா, டியூக்னு பெரிய பெரிய பேரெல்லாம் பின்னாலதான் வந்துச்சு.

பில்லி ஜோன்ஸ் ஆட ஆரம்பிச்ச அதே சீசன். மார்ச் மாசம். கடைசி நாலு அணிகளோட மோதல் நடத்தற முறை கோலுக்கு. வந்த நாலு பேர்: கென்டக்கி, டியூக், டெக்சஸ் வெஸ்டர்ன், யூட்டா.

இங்க ஒரு சின்ன விஷயத்தை யாரும் அவ்வளவா பேசறதில்ல. கென்டக்கியும் டியூக்கும் ஒரு அரையிறுதியில மோதினாங்க. ரெண்டுமே முழுக்க வெள்ளைக்கார அணிகள். அதாவது, யார் ஜெயிச்சிருந்தாலும் இறுதியாட்டத்துக்கு ஒரு வெள்ளை அணி வர்றது உறுதி. கென்டக்கி 83-79ன்னு ஜெயிச்சது. டியூக்கோட முக்கியமான ஆள் பாப் வெர்கா உடம்பு சரியில்லாம இருந்தார். அவர் நல்லா இருந்திருந்தா இன்னிக்கு சினிமாவுல வில்லனா வர்ற அணி வேறயா இருந்திருக்கலாம்!

அந்தப் பக்கம் டெக்சஸ் வெஸ்டர்ன் 85-78ன்னு யூட்டாவை வீழ்த்தினது. யூட்டாவோட ஜெர்ரி சேம்பர்ஸ் 38 பாயிண்ட் அடிச்சுப் பிரிச்சு மேஞ்சுட்டார். அவரைக் கடைசியில கட்டிப்போட்டது ஜெர்ரி ஆர்ம்ஸ்ட்ராங்னு ஒரு வெள்ளைக்கார மாற்று ஆட்டக்காரர். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க.

டெக்சஸ் வெஸ்டர்ன் எங்க இருக்கு? எல் பாசோ. மெக்சிகோ எல்லைய ஒட்டின ஊர். கோச் டான் ஹாஸ்கின்ஸ் 1961ல அங்க வந்தவர். அதுக்கு முன்னாடி டெக்சஸ் சின்ன ஊர்ப் பள்ளிகள்ல பொண்ணுங்க அணிக்கெல்லாம்கூட பயிற்சி குடுத்துட்டு இருந்த ஆள். அவரோட 12 பேர்ல 7 பேர் கறுப்பினத்தவர், 4 பேர் வெள்ளையர், ஒருத்தர் மெக்சிகோ வம்சாவளி. இவங்க இங்க வந்து சேர்ந்ததே பெரிய கதை. கான்சஸோட ரெண்டு தடவை கூடுதல் நேரம் போயி, ஒரே ஒரு பாயிண்ட்ல, 81-80ன்னு தப்பிச்சு வந்தாங்க. முதல் கூடுதல் நேரத்தோட கடைசி நொடியில கான்சஸின் ஜோ ஜோ ஒயிட் எறிஞ்ச பந்து கூடைக்குள்ள விழுந்துச்சு. ஆனா அவர் கால் கோட்டுல பட்டுடுச்சுன்னு நடுவர் கைய ஆட்டிட்டார். ஒரு ஷூவோட ஓரம்!

எதிர்ல கென்டக்கி. கோச் அடால்ஃப் ரப். அதுக்குள்ள நாலு தேசியப் பட்டம் வாங்கின பெரிய மனுஷர். தரவரிசையில முதல் இடம். அணியில பின்னாளில் லேக்கர்ஸ் கோச்சா கோட்டு சூட்டு போட்டுக் கலக்கின பேட் ரைலி.

1966 மார்ச் 19, சனிக்கிழமை ராத்திரி. 14,253 பேர். ஹாஸ்கின்ஸ் களத்துல இறக்கின அஞ்சு பேரும் கறுப்பினத்தவர். தேசிய இறுதியாட்டத்துல இது முதல் தடவை. எதிர்ல அஞ்சு பேரும் வெள்ளையர். அன்னிக்கு ராத்திரி முழுக்க டெக்சஸ் வெஸ்டர்னுக்கு ஆடின 7 பேரும் கறுப்பினத்தவர்தான். ஆர்ம்ஸ்ட்ராங்? பெஞ்சுலயே உக்காந்திருந்தார். முந்தின நாள் அணியைக் காப்பாத்தினவர்.

ஹாஸ்கின்ஸ் ஒரு வேலை பண்ணார். கென்டக்கி ஓடி ஓடி ஆடற அணி. அதனால உயரமான நெவில் ஷெட்டை முதல்ல உக்கார வெச்சுட்டு, 5 அடி 6 அங்குலம் இருக்கற வில்லி வொர்ஸ்லியை இறக்கினார். மூணு குட்டி ஆட்டக்காரங்க. ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே டேவிட் லாட்டின் ரைலி தலைக்கு மேல ஒரு டங்க் வெச்சார் பாருங்க, அதுலயே பாதி சேதி போயிடுச்சு. மீதி சேதி பாபி ஜோ ஹில் கையில. முதல் பாதியில கென்டக்கி கையில இருந்த பந்தை அடுத்தடுத்து ரெண்டு தடவை பறிச்சுட்டு ஓடி, ரெண்டு தடவையும் கூடையில போட்டார். ஒரு தடவை டாமி க்ரான் ஏமாந்தார், இன்னொரு தடவை லூயி டாம்பியர். ரெண்டு பேரும் சாதாரண ஆள் இல்ல. பாதி ஆட்டத்துல 34-31. முடிவுல 72-65. ஹில் 20 பாயிண்ட். டெக்சஸ் வெஸ்டர்ன் சாம்பியன்.

ஸ்கோர் கார்டை எடுத்துப் பார்த்தா ஒரு வேடிக்கை தெரியும். கூடையில அதிகமா பந்து போட்டது கென்டக்கிதான்! அவங்க 27, இவங்க 22. வித்தியாசம் ஃப்ரீ த்ரோவுல. டெக்சஸ் வெஸ்டர்ன் 34க்கு 28 போட்டுது. கென்டக்கிக்கு கிடைச்சதே 13, போட்டது 11. ஃப்ரீ த்ரோன்னா என்ன? சுத்தி 14,000 பேர் கத்தறப்போ கோட்டுல தனியா நின்னு, நடுங்காம, அமைதியா எறியறது. கறுப்பினப் பசங்க துள்ளுவாங்க, ஓடுவாங்க, ஆனா நெருக்கடி வந்தா நிதானம் இருக்காது, வழிநடத்த ஒரு வெள்ளைக்காரன் களத்துல வேணும்னு ஒரு நம்பிக்கை அப்ப பரவலா இருந்தது. அதைக் கோச்சுகளே நம்பினாங்க. அந்த நம்பிக்கைய உடைச்சது டங்க் இல்லீங்க, இந்த 28 ஃப்ரீ த்ரோவும் கட்டுக்கோப்பான தடுப்பாட்டமும்தான்னு நான் சொல்வேன். சினிமாக்காரனுக்கு டங்க்தான் வேணும், அது வேற விஷயம்.

சினிமான்னதும் ஞாபகம் வருது. 2006ல 'க்ளோரி ரோடு'ன்னு டிஸ்னி படம் எடுத்தாங்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா ஹாஸ்கின்ஸ் வந்த முதல் வருஷமே கோப்பை தூக்கின மாதிரி காமிக்கறாங்க. அஞ்சு வருஷ உழைப்பு அது. எல் பாசோவுல கறுப்பின வீரர்கள் ஆடறதும் இவர் வந்து ஆரம்பிச்சது இல்ல, 1950கள்லயே ஆடியிருக்காங்க. 1963ல சாம்பியனான லயோலா அணியில நாலு பேர் கறுப்பினத்தவர். அதனால வானத்துலேருந்து குதிச்ச அதிசயம் மாதிரி 1966ஐச் சொல்றது எனக்கு உடன்பாடில்ல. ஹாஸ்கின்ஸ்கூட, நல்லா ஆடற ஆளை இறக்கினேன், அவ்வளவுதான்னு சாகற வரைக்கும் சொல்லிட்டு இருந்தார்.

ஜெயிச்சதும் என்ன மரியாதை கிடைச்சது? சாம்பியன் அணி கூடை வலைய வெட்டி எடுத்துக்கறது அங்க வழக்கம். ஏணி போட்டு ஏறுவாங்க. இவங்களுக்கு யாரும் ஏணி கொண்டுவரலை. ஷெட் தூக்கிப்பிடிக்க, குட்டை வொர்ஸ்லி மேல ஏறி வலைய வெட்டினார். ஊருக்குப் போன பிறகு ஹாஸ்கின்ஸுக்கு மூட்டை மூட்டையா வசவுக் கடிதம் வந்தது. வெள்ளைக்காரங்க நிறவெறியில திட்டினாங்க, இன்னொரு பக்கம் இந்தப் பசங்களைச் சுரண்டறேன்னு திட்டு. ஜேம்ஸ் மிச்னர் மாதிரி பெரிய எழுத்தாளரே 1976ல எழுதின புத்தகத்துல இவங்களைப் படிப்பு வாசனை இல்லாத கூலி ஆட்டக்காரங்க கணக்கா எழுதி வெச்சார். அது அவங்களுக்கு ரொம்ப நாள் ஆறாத புண்ணு.

அதே மார்ச் 19ஆம் தேதி, டென்னசி மாநிலத்துல வெள்ளை, கறுப்புப் பள்ளிகள் முதல் தடவையா சேர்ந்து ஆடின மாநிலப் போட்டியில நாஷ்வில் பேர்ல் பள்ளி பட்டம் ஜெயிச்சது. அதோட நாயகன் பெர்ரி வாலஸ். பிற்பாடு வேண்டர்பில்ட்ல சேர்ந்து, கென்டக்கி ஆடற தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் கூடைப்பந்தோட முதல் கறுப்பின வீரரானார். அந்த நாலு வருஷம் அவர் பட்ட பாடு தனிப் பதிவுக்கு உண்டான விஷயம். கென்டக்கியே கறுப்பின வீரரை எடுத்துக்க 1969 ஆச்சு.

அடுத்து கொஞ்சம் வேகமா ஓட்டறேன்.

1969ல லெஃப்டி ட்ரீசல் மேரிலாந்து கோச்சா வந்தார். டியூக்ல படிச்சவர்தான். கிழக்குக் கரையோட யூசிஎல்ஏவா இந்த அணிய மாத்திக் காட்டறேன்னு முதல் நாளே வாய் விட்டார். 1970 டிசம்பர்ல தென் கரோலினாவோட அவங்க ஊர்ல ஆடினப்போ அடிதடி. லெஃப்டிக்கே குத்து விழுந்து ஆட்டத்தைப் பாதியில நிறுத்தினாங்க. மூணு வாரம் கழிச்சு 1971 ஜனவரியில அவங்க கோலுக்கு வந்தாங்க. ஊரே கத்தியத் தீட்டிட்டு உக்காந்திருக்கு. லெஃப்டி என்ன பண்ணார்? பந்தை எறியவே விடலை. அப்ப காலேஜ் ஆட்டத்துல ஷாட் க்ளாக் கிடையாது, பந்தை வெச்சுக்கிட்டு சும்மாவே நிக்கலாம். பாதி ஆட்டத்துல ஸ்கோர் 4-3! 1975 உலகக்கோப்பையில கவாஸ்கர் 60 ஓவர் நின்னு 36 அடிச்சாரே, அதைப் பார்த்து நொந்துபோனவங்களுக்கு இந்த வலி புரியும். ஆனா இங்க கட்டைபோட்டவன் ஜெயிச்சான். கூடுதல் நேரத்துல 31-30. சண்டைக்கு வந்தவனைத் தூங்கவெச்சு அடிச்ச ஆட்டம்.

1970 இறுதியாட்டத்துல யூசிஎல்ஏ ஜாக்சன்வில்லை 80-69ன்னு அடிச்சது. 7 அடி 2 அங்குல ஆர்டிஸ் கில்மோரை, அவரைவிட குட்டையான சிட்னி விக்ஸ் தடுத்துத் தள்ளினதுதான் அதுல பார்க்க வேண்டியது. 1972 ஏப்ரல்ல நிக்சன் சீனா போயிட்டு வந்த சூட்டோட சீன டேபிள் டென்னிஸ் அணி இங்க வந்து ஆடினது. 'பிங்பாங் ராஜதந்திரம்'னு பாடப்புத்தகத்துல படிச்சோமே, அதுல ஒரு நாள் இங்கதான். 1975 ஜனவரியில இம்மாகுலேட்டான்னு ஒரு சின்னக் கல்லூரிப் பொண்ணுங்க வந்து மேரிலாந்தை 80-48ன்னு துவைச்சாங்க. நாடு முழுக்க டிவியில காமிச்ச முதல் பெண்கள் காலேஜ் கூடைப்பந்து ஆட்டம் அது. பாருங்க, அதுலயும் வீட்டுக்காரனுக்குத் தோல்விதான்!

1986 ஜூன் 23. அன்னிக்கு ஆட்டம் எதுவும் இல்ல. ஆனா 11,000 பேர் கூடினாங்க. லென் பயஸுக்கு அஞ்சலி. பக்கத்து ஊர்ப் பையன், 6 அடி 8 அங்குலம், மேரிலாந்து பெத்த ஆட்டக்காரங்கள்லயே உச்சம். ஜூன் 17ஆம் தேதி பாஸ்டன் செல்டிக்ஸ் அவரை நாட்டிலேயே ரெண்டாவது ஆளா எடுத்தாங்க. 19ஆம் தேதி கொக்கைன்ல செத்துப்போனார். 22 வயசு. லெஃப்டிய அந்த வருஷமே பதவியிலேருந்து இறக்கினாங்க.

அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. அந்த அதிர்ச்சியில வாஷிங்டன் அரசியல்வாதிங்க அவசர அவசரமா ஒரு சட்டம் போட்டாங்க. அக்டோபர்ல கையெழுத்தும் ஆச்சு. 5 கிராம் க்ராக் வெச்சிருந்து வித்தா குறைஞ்சது 5 வருஷம் சிறை. பவுடர் கொக்கைன்னா அதே தண்டனைக்கு 500 கிராம் வேணும். க்ராக் வழக்குல சிக்கினது பெரும்பாலும் கறுப்பினப் பையன்கள். பயஸ் எடுத்துக்கிட்டதோ பவுடர்! அந்த 100க்கு 1 கணக்கை 2010லதான் 18க்கு 1னு குறைச்சாங்க. அவரைப் பிடிச்சு அழுத ஜனங்களோட பிள்ளைங்கதான் அவர் பேரைச் சொல்லி உள்ள போனாங்க. என்னத்த சொல்ல..

டியூக் கதைய விட்டா மேரிலாந்துக்காரங்க சட்டையப் பிடிப்பாங்க. சொல்லிடறேன். இது ஒருதலைப் பகை. டியூக்குக்கு எதிரி எப்பவும் வட கரோலினாதான். மேரிலாந்துக்கு டியூக். அந்த அலட்சியமே இவங்களுக்கு எரிச்சல். 2001 ஜனவரி 27, கோல்ல மேரிலாந்து 10 பாயிண்ட் முன்னால, ஒரு நிமிஷம்கூட பாக்கி இல்ல. கூட்டம் பாட ஆரம்பிச்சாச்சு. டியூக்கோட ஜேசன் வில்லியம்ஸ் கால் நிமிஷத்துக்குள்ள 8 பாயிண்ட் அடிச்சார். சமன். கூடுதல் நேரத்துல டியூக் 98-96. ஆத்திரத்துல கூட்டத்துலேருந்து பாட்டில் பறந்து டியூக் ஆட்டக்காரர் ஒருத்தரோட அம்மா மேல விழுந்துச்சு. அசிங்கம். அதே வருஷ அரையிறுதியில மினியாபோலிஸ்ல 22 பாயிண்ட் முன்னால போயும் மறுபடி டியூக்கிட்டயே தோத்தாங்க.

2002 பிப்ரவரி 17ல கணக்கு தீர்ந்தது. கோல்ல கடைசியா டியூக். முதல் பாதி முடியப்போகுது, ஜேசன் வில்லியம்ஸ் பந்தைத் தட்டிக்கிட்டே ஒரு கணம் தன் கோச் பக்கம் திரும்பினார். ஸ்டீவ் ப்ளேக் பிடுங்கிட்டு ஓடிட்டார். 87-73. மார்ச் 3 அன்னிக்கு கடைசி ஆட்டம். 1955ல முதல் ஆட்டம் ஆடின அதே வர்ஜீனியாவோட, 112-92. அந்த சீசன்ல சொந்தக் களத்துல ஒரு தோல்விகூட இல்ல. அடுத்து ஒரு மாசம்கூட ஆகலை, ஏப்ரல் 1ல அட்லாண்டாவுல இந்தியானாவை 64-52ன்னு அடிச்சு மேரிலாந்து தேசிய சாம்பியன். வீட்டைக் காலிபண்ண கையோட ராசி வந்துச்சு! கோச் கேரி வில்லியம்ஸ். 1966ல பில்லி ஜோன்ஸோட சேர்ந்து அதே கோல்ல ஆடின பையன்.

அணி புது அரங்கத்துக்குப் போயிடுச்சு. 2014ல மேரிலாந்து ஏசிசியையே விட்டு வெளியேறினதால வருஷா வருஷம் டியூக்கோட மோதறதும் போச்சு. கூரை மட்டும் அதே வளைவோட நிக்குது. உள்ள கூடைப்பந்துத் தளம் இல்ல, கால்பந்து அணி பயிற்சி பண்ற புல்தரை விரிச்சிருக்காங்க. கோல்ங்கறது பல்கலைக்கழக நிர்வாகக் குழுவுக்குத் தலைவரா இருந்த ஒரு நீதிபதியோட பேர். 2021லேருந்து அந்த இடத்துக்கு ஜோன்ஸ்-ஹில் ஹவுஸ்னு பேர். பில்லி ஜோன்ஸ், டேரில் ஹில்.